கலைப்பொருளாகிப் போன என் சப்பாத்து

ஒன்றையும் தொடாதே என்று தமிழனிடம் சொன்னால் கேட்பான். வாசலில் சப்பாத்தைக் கழற்றாதே என்று சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டான். நானோ அதைச் சொல்லவே மறந்தவன்.

பரமட்டாவில் பழைய வீடுகள் நிறைந்த தெரு ஒன்றில் ஒரு சமூக மண்டபம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அங்கேதான். ஒரு ஒக்டோபர் வசந்தத்தில் அங்கே கலைக்காட்சி ஒன்று வந்தது. கிளேர் என்ற கலைஞர் அந்தத் தெருக் குடும்பங்களின் பழைய சப்பாத்துகளை இரவல் வாங்கி, உள்ளே போனவர்கள் சற்றுமுன் கழற்றி வைத்ததைப் போல வாசல் முழுக்கப் பரப்பியிருந்தார். ஒரு சோடி இடம் மாறினாலும் உங்கள் வகுப்புக்கு வேறு இடம் பாருங்கள் என்று மண்டப மேலாளர் சொல்லிவிட்டார். அதற்கு நான் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்குக் கொடுத்தேன். (பொறுப்பெடு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.)

காட்சியின் திறப்பு விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம். அன்றே மதியம் பின்னறையில் எங்கள் சரஸ்வதி பூசை. "ஒண்டையும் தொடாதேங்கோ" என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர்களும் தொடவில்லை. வாசலில் சப்பாத்துகளைக் கண்டார்கள், தங்களுடையதையும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டுப் பக்தியோடு உள்ளே வந்தார்கள்.

அவல் கொடுத்து முடித்து வெளியே வந்து பார்த்தேன், வாசலில் இரண்டு மடங்கு சப்பாத்து. இதில் எது கலை, எது கமலா அன்ரியுடையது?

"அவரவற்ற சப்பாத்தை மட்டும் எடுங்கோ!" என்று கத்தினேன்.

எல்லோரும் போனபின், காலையில் போனில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சோடி பழுப்புத் தோல் பூட்ஸைக் காணவில்லை. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று, ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்து. பூசைக்கு வந்த சிவம் அங்கிளுடையது! மனுசன் அன்று கண்ணாடி போடாமல் வந்திருந்தார்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. வெள்ளைச் சப்பாத்தை அப்பால் தள்ளிவிட்டு, விழாவுக்காகப் போட்டிருந்த என் பழுப்பு ஆபீஸ் சப்பாத்தைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டு, காலுறையோடு ஒரு மூலையில் போய் நின்றேன்.

முதலில் வந்தவர் ஜோன் என்ற முதிய பெண்மணி. காணாமற்போன பூட்ஸ், இறந்துபோன அவருடைய கணவருடையது. நேரே வந்து குனிந்து என் சப்பாத்தைக் கையில் எடுத்தார். இது என் கணவருடையது இல்லையே என்றார். கிளேர் என் காலுறையைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையோடு தெருவில் நிற்பது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிவம் அங்கிள்.

"தம்பி, இது என்ர சப்பாத்து இல்லை. பஸ்சில ஏறேக்கதான் பாத்தனான். ஆனா சொன்னா நம்பமாட்டாய், கால் நோகவே இல்லை!"

அங்கிளின் காலில் கிடந்த பூட்ஸையே ஜோன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கொஞ்சம் நடப்பீர்களா என்று கேட்டார். அங்கிள் ஒன்றும் விளங்காமல் பலகைத் தரையில் அங்கும் இங்கும் நடந்தார். டக், டக் என்று சத்தம். ஜோன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற சத்தம் என்று சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, பாதி பயத்தில்.

அதன்பிறகு மேலாளர் வகுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிளேரோ, உன் சப்பாத்தும் இந்த மண்டபத்தின் கதைதான், இங்கேயே இருக்கட்டும் என்றார். மறுக்கிற நிலையிலா நான் இருந்தேன்? காலுறையோடு கார் ஓட்டி வீட்டுக்குப் போனேன்.

காட்சி பிறகு மெல்பனுக்கும் போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி தேத்தண்ணியோடு இதையும் பரிமாறுவாள்.

"இவற்ற சப்பாத்து ஊர் ஊராப் போகுது. லீவு கிடைக்காதது இவருக்குத்தான்."