காயத்ரியை நலப்பணியிலிருந்து மீட்டுத் தர வேண்டி

அன்புள்ள பெரிய மச்சான் அவர்களுக்கு,

நெய்வேலியிலிருந்து வெள்ளைச்சாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை இசக்கியம்மாளும் சுகம். தங்கள் மருமகள் காயத்ரியும் சுகம். அவள் அளவுக்கு மீறிச் சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறையில் பேசினால் முன்னறையில் கேட்கும். அவள் முன்னறையில்தான் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது தாங்கள்தானே சொன்னீர்கள்: "பிள்ள சாப்பிட்ட தட்டக்கூட எடுக்க மாட்டேங்கா. காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல சேத்து விடும். உடம்பு வணங்கும்." நானும் நம்பினேன். நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நாலு காகிதம் பொறுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், சர்டிபிகேட் தருவார்கள் என்று இருந்துவிட்டேன்.

பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வாரம் கேம்ப். தூர்ந்துபோன குளத்தை வெட்டிக் கரை போடும் வேலை. எனக்கு மனசு கேட்குமா? தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் டிபன் கேரியரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பொறுப்பாசிரியர் விஜயராஜைப் பிடித்து, "சார், பிள்ளைக்கு வெயில் ஒத்துக்காது" என்றேன். "அவங்கதான் சார் இங்க லீடர்" என்றார். காயத்ரியோ என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் மண்சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. போட்ட கரைமேலேயே இந்தக் கோடிக்கும் நடுவில் நின்ற வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்திருக்கிற கலியம்மாள் என்கிற அம்மாள், "ஏங்க, சும்மா நடந்துகினே கீறீங்களே, இந்தச் சட்டிய வாங்கிப் போட்டா ஆவாதா?" என்றாள். நான் மைன்ஸ்காரன் என்று விளக்கினேன். "அப்ப மண்ணு வேலதான?" என்றாள். எங்கள் சுரங்கத்தில் மண்ணை மெஷின் வெட்டும், பெல்ட் சுமக்கும், நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன், இத்தனை வருஷ சர்வீஸில் என் நகத்தில் அழுக்குப் பட்டதில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது? வேப்பமரத்தைப் பார்த்து நடையைத் தொடர்ந்தேன். கேம்ப் முடிந்தபோது கால் இரண்டும் வீங்கிவிட்டது. "மண்ணு சுமந்தது அவ, வீக்கம் ஒங்களுக்கா?" என்று தங்கள் தங்கை எண்ணெய் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள்.

திரும்பி வந்தவள் தட்டை எடுக்கிறாள், மச்சான். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் தட்டையும் எடுக்கிறாள். அது போகட்டும். பாத்ரூம் குழாய் சொட்டியது. டவுன்ஷிப்பில் குழாய் சொட்டினால் நாம் செய்ய வேண்டியது கம்ப்ளெயிண்ட் கொடுப்பது, ஆள் வந்தால் பக்கத்தில் நின்று "நல்லா டைட் பண்ணுப்பா" என்று சொல்வது, அவ்வளவுதான். முறைப்படி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் அவளே வாஷர் வாங்கி மாட்டிவிட்டாள். காலையில் பிளம்பர் சாமிக்கண்ணு பையைத் தூக்கிக்கொண்டு வருவாரே, சொட்டாத குழாயைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ரிட்டயர்மெண்ட் நெருங்குகிற வயசில் பொய்ப் புகார் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டுமா? ஆகையால் விடிந்ததும் யாருக்கும் தெரியாமல், சொட்டுகிற அளவுக்கு மட்டும் குழாயைத் தளர்த்தினேன். அது கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரையில் அடித்து, ஹாலுக்கு வந்து, தங்கள் தங்கை வடகம் காய வைக்க எடுத்து வைத்திருந்த மாவு வரை போய்விட்டது. சாமிக்கண்ணு வந்து பையைத் திறப்பதற்குள் காயத்ரி வால்வை மூடி, குழாயைப் பூட்டி, தரையையும் துடைத்துவிட்டாள். "யார் சார் இத கழட்டினது?" என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். என் சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். முன்பெல்லாம் ஃபியூஸ் போனால் "அப்பா", சைக்கிள் செயின் கழன்றால் "அப்பா", பல்லி வந்தால் "அப்பா". இப்போது என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே அவளுக்கு வருவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையாக வருகிறது. அடுத்த கேம்ப்புக்கும் அவள்தான் லீடராம். தாங்கள் சொன்னால்தான் கேட்பாள். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அவசியம் கிளம்பி வந்து, சேர்த்துவிடச் சொன்ன வாயாலேயே விலகச் சொல்லிவிட வேண்டியது.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். சின்னவன் அருளுக்கு என் ஆசிகள். அவனை எதிலும் சேர்த்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கலியம்மாள் காயத்ரிக்குப் போன் செய்தாள். போன வாரத்து மழையில் கரை கரைந்துவிட்டதாம். வேப்பமரம் வரைக்கும் நான் நடந்த பக்கம் மட்டும் கல்லுமாதிரி நிற்கிறதாம். "ஒங்க அப்பாவ அனுப்பு கண்ணு, மிச்சத்தயும் நடந்து குடுக்கட்டும்" என்கிறாள். காயத்ரி என்னிடம் வந்து, "அப்பா, ஞாயித்துக்கெழம எனக்கு பேங்க் பரீட்சை. நீ போனாத்தான்ப்பா ஆகும்" என்றாள். அப்பா என்று இரண்டு தடவை சொன்னாள். எனவே தாங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். பண்ருட்டியில் இறங்கி நேரே குளத்துக்கு வந்துவிடவும். தங்களுக்கு என்னைவிட எடை அதிகம் என்று கலியம்மாளிடம் சொல்லிவிட்டேன்.