ஏழாம் படுக்கையின் ஜன்னல்

"வீட்டுக்குப் போலாம்னு சொன்னா சந்தோசப்படணும். நீங்க என்ன இப்படி முழிக்கிய?" என்றாள் தலைமை நர்ஸ் சித்ரலேகா.

ஏழாம் படுக்கைக்காரர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு நா போவட்டும் சிஸ்டர். அந்த மைனாக் குஞ்சு பறக்கதப் பாத்துட்டுப் போயிருதேன்."

ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் பழைய அரசமரம். அதன் பொந்துக்குள்ளிருந்து மூன்று மஞ்சள் வாய்கள் திறந்து கத்திக்கொண்டிருந்தன.

சித்ரலேகாவுக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. அந்த மரத்தை வெட்டிவிட்டு பைக் நிறுத்த ஷெட் போடவேண்டும் என்று நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. மரத்தையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று சித்ரலேகா வாதாடிக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் குமரகுருபரன் அதற்கு, "பேச்செல்லாம் சரி சிஸ்டர், ஆதாரம் எங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு மாநாட்டுக்காகச் சென்னைக்குப் போயிருந்தார்.

ஆதாரம் இதோ படுத்திருந்தது. மேலப்பாளையம் தாஜ் முகம்மது. திங்கட்கிழமை, அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, நூற்று எண்பது பிரஷரோடு வந்து சேர்ந்தவர். மறுநாள் காலையில் அவளே கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். நூற்று இருபது! புதன்கிழமையும் அதே. இன்றும் அதே.

அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "பாத்தியளா? மாத்திரை பாதி, மரம் பாதி!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் படுக்கையில் ஓய்வுபெற்ற தாசில்தார் சிவசண்முகம் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் செவத்தக் காட்டிப் படுக்கப் போட்டிருக்கிய? நாங்களும் சீக்கு வந்தவங்கதானம்மா?"

நியாயமான கேள்வி. ஜன்னலருகே ஒரு நாற்காலியைப் போட்டு, ஆளுக்குக் கால்மணி நேரம் என்றாள். தாசில்தார் முதலில் உட்கார்ந்தார். முக்கால்மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. காத்து நின்ற ஐந்து பேரும் கூச்சல் போட்டார்கள். ஐந்து பேருக்கும் பிரஷர் ஏறியது.

"ஒருத்தரும் சண்ட போடாண்டாம். எல்லாருக்கும் மரம் தெரியும்," என்று பன்னிரண்டு கட்டில்களையும் ஜன்னல் பக்கமாக நெருக்கித் தள்ள வைத்தாள். மரம் தெரிந்தது. நடக்கத்தான் வழியில்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி வாசலோடு நின்றுவிட்டது. தட்டுகள் கைமாறிக் கைமாறிப் போனதில், உப்பில்லாத கஞ்சி யாருக்கோ போய், சர்க்கரைக்காரர் ஒருவர் பாயசத்தை வழித்துக் குடித்து முடித்திருந்தார்.

தாசில்தார், வீட்டுப் பழக்கத்தில், ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி சோறு வைத்து, "கா... கா..." என்றார்.

ஒரு காக்கையைத்தான் கூப்பிட்டார். ஆறு வந்தன. பின்னாலேயே இரண்டு அணில்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து திரும்பிய டாக்டர் குமரகுருபரன் வாசலில் வந்து நின்றார். குளுக்கோஸ் கம்பியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"சிஸ்டர், இது வார்டா, வனத்துறையா?"

சித்ரலேகா அசரவில்லை. "அப்புறமா ஏசுங்க சார். மொதல்ல ஏழாம் படுக்கைக்கு நீங்களே பிரஷர் பாருங்க. நூத்தி முப்பதத் தாண்டிச்சுன்னா மரத்த வெட்டுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். தாண்டலன்னா மரம் நிக்கணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் எப்ப மாறிருக்கேன்?"

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து கட்டில்களின் மேல் முழங்காலால் ஊர்ந்து ஏழாம் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். பட்டியைச் சுற்றினார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஏழாம் படுக்கைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க, ஏறிரும்," என்று அதட்டினார் டாக்டர்.

நூற்றுப் பதினெட்டு.

நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். நூற்றுப் பதினெட்டேதான்.

"நூத்தி எம்பதுல வந்த மனுசனா இவரு? எனக்கே இப்படி இருக்காதே!" மேல்சட்டைப் பையிலிருந்து, ஷெட் போட நிர்வாகம் கொடுத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "நீங்க செயிச்சிட்டீங்க சிஸ்டர். மரம் நிக்கட்டும்."

வார்டு கைதட்டியது. காக்கைகள் ஜன்னல் வழியே பறந்தன. சித்ரலேகா நிமிர்ந்து நின்றாள். ஏழாம் படுக்கைக்காரர் மட்டும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

சிந்திய சோற்றைக் கூட்டிக்கொண்டு கட்டிலுக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த துப்புரவுக்காரி, போர்வையையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருக்கு எதுக்கு சார் பிரஷர் பாக்கிய? இவரு தொணைக்கு இருக்க வந்த மச்சினருல்லா, ஹசன் அலி! நோயாளி தாஜ் பாய், உள்ள மூச்சு முட்டுதுன்னு, மூணு நாளா அந்த மரத்தடியிலல்லா கொறட்ட விட்டுத் தூங்குதாரு!"