உள்ளறை முதல் தரம்

இனி இந்த வீட்டில் வாய்ப்பேச்சு கிடையாது, எதுவானாலும் எழுத்தில்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே சட்டம் போட்டார் அவர். வாயில் நுரை இருந்ததால் சட்டம் கொஞ்சம் குழறியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அவருக்குக் குடைக் கம்பெனி ஒன்றில் வேலை. குடை வாங்குகிற கடைக்காரர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். வேலை என்று சொன்னால் குறைவு, அது வித்தை. ஆபீசில் அவருக்குப் பெயரே 'கடிதச் சிங்கம்'. ஒருமுறை ஒரு கடைக்காரர், குடைகள் ஒழுகுகின்றன என்று காய்ச்சி எடுத்து எழுதியிருந்தார். சிங்கம் பேனாவைத் திறந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். எங்கள் குடைகள் ஒழுகுவதில்லை. தங்கள் பகுதியில் மழை சற்றுச் சாய்வாகப் பெய்வதாகத் தெரிகிறது. அதற்கேற்ற அகலக் குடைகளின் விலைப்பட்டியலை இணைத்துள்ளோம்.' அவ்வளவுதான். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, அகலக் குடை நாலு பெட்டி அனுப்பச் சொல்லி எழுதினார்.

ஊரையே எழுதி மடக்கியவருக்கு வீட்டில் மட்டும் தோல்விக்கு மேல் தோல்வி. காரணம், வீட்டில் எல்லாம் வாயால் நடந்தது.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். வீட்டில் இருப்பது இரண்டு அறை. முன்னறை வெயிலும் காற்றுமாக ஜம்மென்று இருக்கும். அதில் அவருடைய மேசை, நாற்காலி, சாய்ந்து யோசிக்க ஒரு கட்டில். உள்ளறையில் மனைவியும் கைக்குழந்தையும். உள்ளறைச் சுவரில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. பாப்பா இருமிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மாக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, முன்னறையை எங்களுக்கு விடுங்க. இல்லேன்னா ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து அந்தச் சுவரையாவது பூசுங்க."

"சுவருக்கு என்ன? நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குது. அழுதுகிட்டே நிக்குது."

இந்த வாய்க்கு அவர் எங்கே போவார்? அதனால்தான் சட்டம்.

"எழுத்துலன்னா எப்படிங்க?"

"நான் விக்கிறவன், நீ வாங்குறவ. முறையா எழுது. முறையா பதில் வரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அப்புறம் மழுப்புறது, மாத்துறது எல்லாம் நம்மகிட்ட கிடையாது."

"நிஜமா மாத்த மாட்டீங்களே?"

"சிங்கம் பசிச்சாலும் எழுதின காகிதத்தைத் திங்காதும்மா!"

அன்று மத்தியானமே முதல் கடிதம் வந்தது. 'ஐயா, தங்கள் வீட்டு உள்ளறையைப் பயன்படுத்தி வருகிறோம். சுவரில் ஈரம் ஊறுகிறது. அறை தங்குவதற்குத் தக்கதுதானா என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.'

இரண்டு தரம் படித்தார். தேதி இருந்தது. பணிவு இருந்தது. ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை. "அடேயப்பா! பழம் தின்னு கொட்டை போட்ட வியாபாரிகூட இப்படி எழுத மாட்டானே!" என்று பூரித்துப் போனார். இவ்வளவு நல்ல கடிதத்துக்குச் சப்பையாகப் பதில் எழுதலாமா? தன் திறமையை எல்லாம் கொட்டினார்.

'தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். எங்கள் உள்ளறை முழுக்க உலர்ந்தது, காற்றோட்டம் நிறைந்தது, முதல் தரம். கடும் உழைப்பாளி ஒருவர் நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்யவும் ஏற்றது. சுவரில் தாங்கள் காண்பது ஈரமன்று, சுவரின் இயற்கையான குளிர்ச்சி.'

கீழே கையெழுத்து. அதன் வால் காகிதத்தின் ஓரம்வரை போயிற்று.

அவள் படித்தாள். மடித்தாள். பத்திரமாக எடுத்து வைத்தாள். மனைவி பேசாமல் இருந்ததைக் கல்யாணமான நாள் முதல் இப்போதுதான் பார்த்தார். எழுத்தின் மகிமையே மகிமை!

செவ்வாயன்று அடுத்த கடிதம். 'தங்கள் விளக்கத்துக்கு நன்றி. எங்களுக்கு முன்னறை தேவைப்படுகிறது. என்ன நிபந்தனையின் பேரில் தருவீர்கள்?'

சிரித்துக்கொண்டார். 'முடியாது' என்று எவனும் எழுதுவான். சிங்கத்தின் 'முடியாது' பார்ப்பதற்குச் சம்மதம் போலவே இருக்கும். 'முன்னறையைத் தர முழுச் சம்மதம். ஈடாக எங்களுக்கு வேறோர் அறை வேண்டும். அது முழுக்க உலர்ந்ததாகவும், காற்றோட்டம் நிறைந்ததாகவும், முதல் தரமாகவும் இருக்க வேண்டும். கிடைத்த அன்றே இடம் மாறுவோம்.'

இருப்பதே இரண்டு அறை. மூன்றாவதற்கு இவள் எங்கே போவாள்? இரண்டு நாள் சீட்டியடித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய் வந்தார்.

வியாழன் சாயங்காலம் வீடு திரும்பியபோது முன்னறையில் மேசையைக் காணோம். கட்டிலைக் காணோம். மேசை இருந்த இடத்தில் தொட்டில். பாப்பா ஜன்னல் காற்றில் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். உள்ளறைக் கதவில் ஒரு கடிதம் குத்தியிருந்தது.

'தங்கள் நிபந்தனையை ஏற்கிறோம். முழுக்க உலர்ந்த, காற்றோட்டம் நிறைந்த, முதல் தர அறை ஒன்றை இன்று தங்களிடம் ஒப்படைத்துள்ளோம். அறையின் தரத்துக்கான சான்று, தங்கள் கையெழுத்துடன், இணைப்பில்.'

இணைப்பில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கடிதம், நீண்ட வாலோடு.

"இது அநியாயம்!"

"எதுங்க? அதுல என் வார்த்தை ஏதாவது இருக்கா?"

"நாற்காலி, மேசை எல்லாம்..."

"மாடி வீட்டு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் தூக்கிக் குடுத்தாங்க. கடும் உழைப்பாளிக்கு ஏத்த ரூமாமேன்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். கண் மறுபடி கடிதத்துக்குப் போயிற்று. என்ன கட்டு! என்ன அடக்கம்! தம்மாத்துண்டு பொய் கூட இல்லையே! கோபம் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

"ஏம்மா, இப்படி எழுத எங்க கத்துக்கிட்ட?"

"பாப்பா இருமுற அன்னிக்கு எனக்கு ஏதுங்க தூக்கம்? பயந்துகிட்டு உக்காந்திருப்பேன். பயத்தை மறக்க, நீங்க கொண்டுவந்து போடுற கடித நகலையெல்லாம் படிப்பேன். நல்லாத்தாங்க எழுதுறீங்க."

பாராட்டா, அடியா என்று தெரியாமல் உள்ளறைக்குள் போய்ப் படுத்தார்.

விடிந்தபோது தலையணை சில்லென்றிருந்தது. காகிதமெல்லாம் அப்பளம் நமத்தது போலத் துவண்டு கிடந்தது. தும்மினார். சுவரைப் பார்த்தார். இயற்கையான குளிர்ச்சி சொட்டிக்கொண்டிருந்தது. புகார் எழுதலாம் என்று பேனாவை எடுத்தார். யாருக்கு எழுதுவது? அந்தச் சுவருக்கு ஜாமீன் நின்றவரே அவர்தானே! பேனாவை மூடினார். பனியனோடு தெருவில் இறங்கி, கொத்தனார் வீட்டைப் பார்த்து ஓடினார்.

கொத்தனார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரண்டி, சட்டி, சிமென்ட் மூட்டை எல்லாம் தயாராக இருந்தன.

"கொத்தனாரே, அவசரம்! வீட்ல ஒரு சுவரு..."

"கிளம்பிட்டேன் சார். திங்கட்கிழமையே அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'வெள்ளிக்கிழமை காலையில அவரே ஓடி வருவாரு, அதுவரைக்கும் நீங்க வந்துடாதீங்க'ன்னு."