கோல்கீப்பரின் சேற்றுச் சட்டை

சலவைக் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் கோல்கீப்பர் என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. இருபத்திமூன்று வருஷமாக அவரே சொல்லிச் சொல்லி வளர்த்த பெயர். இஸ்திரி போட்ட சட்டையை மடித்தபடியே, "அந்தக் காலத்துல என்னைத் தாண்டி ஒரு பந்து போயிருக்கணுமே!" என்பார். ஒரு பந்தும் போகவில்லை, வாஸ்தவம்தான். மனிதர் மைதானத்துக்குள் இறங்கியிருந்தால்தானே போவதற்கு?

ஆமாம், உண்மையைச் சொல்லிவிடுவோம். ஊர்க் கால்பந்து அணியில் அவர் மாற்று கோல்கீப்பர். அசல் கோல்கீப்பர் படுத்துக்கொண்டால் இவர் இறங்க வேண்டும். அந்த மகராசன் சீசன் முழுக்க ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. நம்மவர் பெஞ்சியில் உட்கார்ந்து உட்கார்ந்து, கால்சட்டையின் பின்பக்கம் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் எல்லாரும் சேற்றுச் சட்டையைக் கொண்டுபோய் இதே கடையில் போடுவார்கள். அப்போது கடை மாமனாருடையது. சீட்டு எழுத உட்கார்ந்திருந்தது அவருடைய மகள். அவளை ஒருதரம் பார்த்ததுதான், இவருக்குச் சோறு இறங்கவில்லை. வாரா வாரம் பார்க்கவேண்டும் என்றால் சட்டை அழுக்காக வேண்டும். பெஞ்சியில் உட்கார்ந்த சட்டையில் அழுக்குக்கு எங்கே போவது? கடையின் பக்கவாசலில் ஒரு ரோஜாத் தொட்டி இருந்தது. ஈர மண்ணை இரண்டு கை அள்ளினார். மார்பில் ஒரு அப்பு, தோளில் ஒரு அப்பு. அப்புறம் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

"பேரு?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவருக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. "கோல்... கோல்கீப்பர்."

அவளும் அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டாள். பதினேழு வாரம், பதினேழு சீட்டு. பதினெட்டாவது வாரம் பெண் கேட்டுப் போனார்.

அந்தச் சேற்றில் மயங்கித்தான் அவள் சம்மதித்தாள் என்று அவர் சத்தியமாக நம்பினார். கறை எடுப்பதில் அவள் கெட்டிக்காரி. முரட்டு வாடிக்கைக்காரரை வழிக்குக் கொண்டுவருவதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே கௌரவம் அந்தப் பதினேழு சேற்றுச் சட்டைகள்தான். அது பொய் என்று தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பயம் அவருக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவர் வாய் சும்மா இருந்ததா? ஒருநாள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் துணி வாங்க வந்தவர், சேற்று ஓட்டம் ஒன்று நடத்துகிறோம் என்று ஒரு நோட்டீஸை நீட்டினார். வலைக்கு அடியில் தவழ வேண்டும், சுவர் ஏறிக் குதிக்க வேண்டும், கடைசியில் இடுப்பளவு சேற்றில் நடந்து கரையேற வேண்டும்.

"இதெல்லாம் ஒரு ஓட்டமா மாஸ்டர்? நாங்க சேத்துலயே பொறந்து வளர்ந்தவங்க!"

"அப்போ பேரைக் குடுங்க சார்."

"குடுக்கலாம்தான். கடையை யார் பார்க்குறது?"

"ஞாயித்துக்கிழமை கடை லீவுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே மனைவியும் வந்தாள். அவள் கையில் பேனா இருந்தது. நோட்டீஸின் அடியிலிருந்த படிவத்தை அங்கேயே நிரப்பி, மடித்து, மாஸ்டர் பையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே பயிற்சி தொடங்கியது. கடைக்குப் பின்கட்டில் துணி காயும் கொடிகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருந்தாள். அழுக்கு மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர் மாதிரி நின்றன.

"என்னங்க, கொடிக்கு அடியில தவழ்ந்து வாங்க."

"எப்படித் தவழணும்?"

"கோல்கீப்பருக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நீ எப்படி நினைக்கிறேன்னு பார்க்க வேண்டாமா? ஒரு தடவை காட்டு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்து காட்டினாள். அவர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பார்த்தார். நல்ல வழியாக இருக்கிறதே என்று பட்டது. பெஞ்சியில் உட்கார்ந்து பழகிய உடம்பல்லவா?

"சரியாப் புரியலை. இன்னொரு தடவை."

இப்படியே ஆறு வாரம் ஓடியது. மூட்டைச் சுவரில் அவள் ஏறிக் காட்டினாள், குதித்தும் காட்டினாள். ஈரத் துணி மூட்டையைத் தோளில் போட்டு, மொட்டைமாடிக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கிக் காட்டினாள். "மூச்சை இப்படி விடக்கூடாதும்மா," என்று வாளிமேல் இருந்தபடியே அவர் திருத்தம் சொன்னார். இரண்டு முறை அவருக்குக் கணுக்கால் சுளுக்கியது. முதல் முறை வலது கால், அடுத்த முறை கட்டு மட்டும் இடது காலுக்கு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினாள்.

ஓட்டத்துக்கு முதல் நாள் அவள் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய மஞ்சள் சட்டையை எடுத்தாள். இரண்டு பக்கமும் நாலு விரல் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

"இதையா இத்தனை வருஷமா வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"என் கையால பதினேழு தடவை துவைச்ச சட்டைங்க. தூக்கிப்போட மனசு வருமா? நாளைக்கு எல்லைக் கோட்டுல உங்களுக்காக நிப்பேன். சேத்தோட வரணும்."

பேசாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அவள் சட்டையைத் தடவிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. சொல்லவும் முடியாது, ஓடவும் முடியாது. மூன்றாவது வழி ஒன்றுதான் அவருக்குத் தெரியும். கால் தானாகவே பக்கவாசலுக்குப் போனது. மாமனார் காலத்து ரோஜாத் தொட்டி அங்கேயே இருந்தது. தீர்ந்துபோன சோப்புத்தூள் டப்பா ஒன்றில் மண்ணை அள்ளி மூடிக்கொண்டார்.

மறுநாள் மைதானத்தில் இவர் செய்த முதல் காரியம், டப்பா இருந்த பையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்ததுதான். அதற்குள் பெண்கள் கூட்டம் ஓடத் தொடங்கியிருந்தது. அதை இவர் கவனிக்கவில்லை. அப்புறம் ஆண்களுக்கு விசில் அடித்தார்கள். இவரும் வீராவேசமாக முதல் வளைவு வரை ஓடினார். அங்கே ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தார்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். டப்பாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மார்பில் ஒரு அப்பு, தோளில் ஒரு அப்பு. மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்ததால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கடைசிச் சேற்றுக் குழியிலிருந்து கரையேறி வந்த கும்பலோடு நைசாகக் கலந்து, நொண்டிக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டினார்.

அங்கே மனைவியைக் காணோம். தலை முதல் கால் வரை சேறாக யாரோ ஒருத்தர்தான் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றது சேறு.

"நீ... நீயா?"

"படிவத்துல ரெண்டு பேர் எழுத இடம் இருந்துச்சு. ஆறு வாரம் பயிற்சி எடுத்தது நான்தானே? வீணாக்குவானேன்னு ஓடிட்டேன். நான் வந்து அரை மணி ஆச்சு." கிட்டே வந்து அவர் தோளை முகர்ந்து பார்த்தாள். "ஏங்க, சேத்துல எலுமிச்சை வாசனை அடிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். மார்பெல்லாம் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"பழைய சேத்துக்கு வாசனை கிடையாது," என்றாள் அவள். "ஆனா வாரா வாரம் எங்க ரோஜாத் தொட்டியில மண்ணு குறையும், உங்க சட்டையில கூடும். பதினேழு வாரமும் நான்தான் மறுபடி மண்ணு போட்டு, தண்ணி ஊத்தி, பதமா வச்சிருந்தேன். நீங்க வர்ற நேரத்துக்குக் காஞ்சிடக்கூடாதேன்னு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சேவா கட்டிக்கிட்டே?"

"அத்தனை தடவை கை வச்சும் செடியோட வேரு ஒண்ணுகூட அசையலை. அவ்வளவு பார்த்து அள்ளுவீங்க. அது போதும்னு தோணுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளிடமிருந்து ஒட்டிய சேறுதான் அன்றைக்கு அவர்மேல் பட்ட அசல் சேறு.

திங்கட்கிழமை கடை திறந்து நோட்டை எடுத்துவைத்தார். வாடிக்கைக்காரர்கள் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாக மனைவி வந்து நின்றாள். சேற்று மூட்டையைப் பலகைமேல் தொப்பென்று போட்டாள்.

"மெஷின் வேண்டாங்க. கையால துவைக்கணும்."

அவர் சீட்டு எழுதத் தொடங்கினார். பழைய ஞாபகத்தில் லேசாகச் சிரித்துக்கொண்டே, "பேரு?" என்றார்.

"கோல்கீப்பர்னு எழுதிக்குங்க."