மேலதிகாரியின் மேசையில் உலர்ந்த சவ்வு

அணுவிலும் அண்டத்திலும் ஒரே சீராகப் பரவி நிற்கும் இறைவனின் திருவடியை வணங்கி, அவ்வாறு பரவ மறுத்த சில நுண்துகள்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறோம்.

குடிநீரை வடிகட்டும் சவ்வு செய்யும் ஆய்வுக்கூடம் அது. பாலிமர் கரைசலில் களிமண் துகளைக் கலக்கி, கண்ணாடிமேல் மெல்லிதாக ஊற்றி உலர்த்தினால் சவ்வு. கலக்குவதை நிறுத்திய பத்தாம் நிமிடம் துகள்கள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மெல்லிதாக ஊற்றிவிட்டால் மேற்பரப்பு சட்டென்று இறுகித் துகள்களை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்; எனவே உடனே ஊற்றியாக வேண்டும். இது கலவைக்கார அம்மையாருக்குத் தெரியும். விதிமுறைக்குத் தெரியாது. மேலதிகாரி கலவையைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்ட பின்னரே ஊற்றலாம் என்றது விதிமுறை. அவர் பார்வையிட மூன்று நாள் ஆகும்.

ஆகவே செய்த மூன்று சவ்வுகளும் ஒருபுறம் உப்புத்தாளாகச் சொரசொரத்தன, மறுபுறம் வழவழத்தன. காரணம் காணக் குழு அமைந்தது. துகள்களிடம் ஒழுங்கு குறைவு என்று கண்டறிந்து, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் குடுவையில் ஒட்டியது. நான்காவதும் கெட்டால் வேலை இல்லை என்று அம்மையாருக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

நான்காம் முறை அம்மையார் குடுவையைக் குலுக்கிக்கொண்டே அதிகாரியின் வாசலில் நின்றார். காலை போய் மதியம் வந்தது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தபோது உள்ளே அழைத்தார்கள்.

"என்னம்மா, கை நடுங்குது?"

"நடுக்கம் இல்லீங்க சார், விதிமுறை."

"கீழ வெச்சுட்டுப் போம்மா, பார்க்கிறேன்."

"வெச்சா இதுவும் உங்க ஃபைல் மாதிரி அடியில போயிடும் சார்."

ஒரு துளி அதிகாரியின் சட்டையில் தெறிக்கவும், கையொப்பம் விழுந்தது. ஆய்வுக்கூடமோ நான்கு மாடி கீழே, மின்தூக்கி பழுது. அம்மையார் அதிகாரியின் மேசைக் கண்ணாடிமேல் அங்கேயே ஊற்றி, அவருடைய பெயர்ப்பலகையாலேயே மட்டமாக வழித்துவிட்டார். இரண்டு நாள் அதிகாரியால் மேசையில் எவ்வேலையும் செய்ய இயலவில்லை. வேறுபாடு எவருக்கும் தெரியவில்லை.

உரித்தெடுத்த சவ்வு இருபுறமும் ஒன்றுபோல் இருந்தது. குழு மீண்டும் கூடியது. கலவை அதே, துகள் அதே. மாறியது மேசை ஒன்றே. ஆகையால் சவ்வின் அமைப்பைத் தீர்மானிப்பது மேலதிகாரியின் மேசையே என்று முடிவாயிற்று. பிற ஆய்வுக்கூடங்களும் போட்டி போட்டுக்கொண்டு பெரிய மேசைகள் வாங்கின. 'மேசைமுறை' பற்றிக் கருத்தரங்குகள் நடந்தன.

அம்மையாரின் வேலை நிரந்தரமாயிற்று. மேசைக்கு முன்பதிவு செய்யும் பொறுப்பும் அவரிடமே வந்தது. பதினொரு நாள் காத்திருப்பு. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த கலவைக்காரர் ஒருவர், குடுவையைக் குலுக்கியபடி மூச்சிரைக்க அவர்முன் வந்து நின்றார்.

அம்மையார் தலை நிமிரவில்லை.

"கீழ வெச்சுட்டுப் போங்க தம்பி, பார்க்கிறேன்."

இக்கதையைக் கேட்டவர்கள் குடிக்கும் நீர் தெளிவதாக. அவர்தம் மனு எந்த மேசையின் அடியிலும் தங்காதிருப்பதாக.