ஆள் என்பது ஒரு வகை வண்டி

பலகை அடம்பிடித்தது. கிடங்குச் சுவரில் மாப்பிள்ளை மாட்டிய பெரிய திரை அது. யாருக்கு என்ன வேலை என்று அதுதான் சொல்லும். பாரம் தூக்கும் வண்டிக்கு மட்டும் சிவப்பில் காட்டியது: 'வேலை ஆளுக்குத்தான். இது வண்டி.'

வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன.

"மாப்ளே, பொழுது சாயறதுக்குள்ள அத்தனையும் கிளம்பணும். இல்லேன்னா கம்ப்யூட்டரை மூட்டை கட்டிட்டு எடைமேடையில வந்து உக்காந்துடுங்க," என்றார் மாமனார். கிடங்கு அவருடையது. திட்டும்போதும் மரியாதை குறையாது.

மாப்பிள்ளைக்குக் கைகள் பரபரத்தன. அவன் எழுதும் கணினி மொழியில் எது எதற்குக் கீழ் என்று ஒரே வரியில் அறிவித்துவிடலாம். மேல்வகை நுழையும் இடமெல்லாம் கீழ்வகையும் நுழையும். மேல்வகைக்கு உள்ள விதியெல்லாம் கீழ்வகைக்கும் வரும்.

'வண்டி என்பது ஒரு வகை ஆள்.' தட்டினான்.

பலகை பச்சையானது. வண்டி ஓட்டுநர் ஓடிவந்தார்.

"சார், வண்டியைக் கைரேகை வைக்கச் சொல்லுது. முன் சக்கரமா, பின் சக்கரமா?"

"அட, ஆளுக்குன்னு அந்த ஒரு விதிதானே இருக்கு. திருப்பிப் போட்டா முடிஞ்சது," என்று மாப்பிள்ளை நாற்காலியில் துள்ளினான்.

'வேலை வண்டிக்கு' என்று மாற்றிவிட்டு, கீழே எழுதினான்: 'ஆள் என்பது ஒரு வகை வண்டி.'

வண்டிக்கும் வேலை வந்தது, ஆட்களுக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

'ஒட்டகம்: இடைவிடாத ஓட்டம். நிழலில் நிறுத்தி ஆற விடவும்.'

மூட்டை சுமந்தே முதுகு வளைந்தவருக்கு ஆட்கள் வைத்த பட்டப்பெயர் ஒட்டகம். மனிதர் பலகையை இரண்டு முறை படித்தார். மூட்டையை இறக்கிவிட்டு நிழலுக்குப் போனார். பிறகு ஒவ்வொருவர் பெயராக வந்தது. 'அளவுக்கு மீறிய பாரம். பாதியை இறக்கவும்.' 'தண்ணீர் குறைவு. நிரப்பவும்.'

"என்ன கூத்து மாப்ளே இது? வரிசையா நின்னு தண்ணி குடிக்கிறாங்க."

"வண்டிக்கு நீங்க சொன்ன விதிதான் மாமா."

"வண்டி படுத்துட்டா வேற வாங்கணுமே, அதுக்குச் சொன்னேன்."

மாப்பிள்ளை முதலில் எழுதிய வரியையும் இந்த வரியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தான். 'அதற்குக் கீழ் இது, இதற்குக் கீழ் அதுவா? முடியாது' என்று மொழி கையை விரித்தது. பலகை கடைசி வரியிலேயே நின்றது. எடைமேடை நாற்காலி கண்முன் வந்து போனது.

வெயில் தணியும் முன்பே கடைசி லாரி தார்ப்பாய் கட்டிக் கிளம்பியது. ஒரு மூட்டை கிழியவில்லை. ஒருவரும் இடறி விழவில்லை. மாமனார் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"எப்படி மாப்ளே?"

"அது இருக்கட்டும் மாமா. மனுஷனைப் போய் வண்டின்னு எழுதிட்டேன், எவ்வளவு பெரிய அவமானம். இப்பவே அந்த வரியை அழிச்சிடுறேன்."

வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்த ஒட்டகம் திரும்பினார்.

"அழிச்சிடாதீங்க சார். மனுஷனா இருந்த வரைக்கும் எங்களை யாரும் நிழல்ல நிறுத்துனதே இல்ல."