சர்க்கரை காத்த குமிழிகள்

ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது. அது நடந்து போய்விட்டது. நம் கதை அதன் கால்தடத்தில் தேங்கிய தண்ணீரில் நடக்கிறது.

அந்தக் குட்டையில் குமிழிகள் வசித்தன. சோப்புக் குமிழி என்று நினைத்துவிடாதீர்கள். இவை மானம் மரியாதை உள்ளவை. உடம்பைச் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல், உள்ளே சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை எறும்புகளுடையது. மழைக்காலத்துக்கென்று குமிழிகளிடம் கொடுத்து வைத்திருந்தன. அந்தத் தோல் சர்க்கரையை வெளியே விடாது. தண்ணீரை மட்டும், வீட்டு மாப்பிள்ளையைப் போல, கேள்வி கேட்காமல் உள்ளே விடும்.

குமிழிகளில் மூத்தவள் திலகவதி. ஒரு துளி சர்க்கரை போனாலும் உயிரே போனதாக நினைப்பவள். பக்கத்தில் சிங்காரம். அவனுக்கு அந்த மாதிரி வியாதி எதுவும் இல்லை.

ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டது. குட்டைத் தண்ணீர் நீர்த்துப்போயிற்று. வெளியே சப்பென்று, உள்ளே தித்திப்பு என்றால் தண்ணீர் சும்மா இருக்குமா? தோல் வழியாகத் தபதபவென்று உள்ளே நுழைந்தது. குமிழிகள் உப்பத் தொடங்கின.

"அக்கா, தோல் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கொஞ்சம் வெளிய விட்டுடுவோம். ஓட்டை தானா மூடிக்கும்," என்றான் சிங்காரம்.

"சர்க்கரையும் சேர்ந்துல்ல போகும்? அது என்ன நம்ம வீட்டுச் சர்க்கரையாடா?"

திலகவதி நேராகக் கட்டெறும்பு மேனேஜரிடம் அனுமதி கேட்கப் போனாள். அவர் கரையில் ஓர் இலைக்கு அடியில் நனையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டையா? அது என் அதிகாரத்துல இல்லம்மா. தவளைகிட்ட டோக்கன் வாங்கி வரிசையில நில்லு."

நின்றாள். முன்னால் நின்றவர்களும் உப்பிக்கொண்டே இருந்ததால், புதிதாக யாரும் சேராமலே வரிசை நீண்டது.

சிங்காரம் வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினான். ஓட்டை படக்கென்று திறந்தது, சர்க்கரைத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, ஓட்டை மூடிக்கொண்டது. மறுபடி உப்பினான், மறுபடி திறந்தான். ஒவ்வொரு முறையும் முகத்தில் நிம்மதி கூடியது, வயிற்றில் சர்க்கரை குறைந்தது.

அவனுக்கும் மனசு இருந்தது. "அக்கா, கெஞ்சிக் கேக்குறேன். கொஞ்சம் திறந்துக்கோ. செத்துருவ."

"என்னை நம்பிக் குடுத்திருக்காங்கடா," என்றாள் திலகவதி. அப்போது அவள் தோல் கண்ணாடி மாதிரி மெலிந்திருந்தது.

கடைசியில் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தாள். "சர்வர் மெதுவா இருக்கு. கொஞ்சம் இரும்மா," என்றது தவளை.

இருக்க முடியவில்லை. திலகவதி வெடித்துவிட்டாள். எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு நல்லவள்.

அவள் வயிற்றுச் சர்க்கரை முழுவதும் குட்டையில் கரைந்தது. வெளியேயும் தித்திப்பானதும் தண்ணீருக்கு உள்ளே போகும் அவசரம் போய்விட்டது. வரிசையில் நின்றவர்களின் உப்பல் நின்றது. எல்லோரும் பிழைத்தார்கள். ஏன் பிழைத்தோம் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. "தவளை சார் கைராசி," என்று பேசிக்கொண்டார்கள்.

மழை விட்டதும் எறும்புகள் தணிக்கைக்கு வந்தன. தோல் மேல் நடந்து மீசையால் தடவிப் பார்ப்பதுதான் எறும்புகளின் தணிக்கை. ஓட்டை இல்லையென்றால் திருட்டு இல்லை. உள்ளே என்ன மிச்சம் என்று நக்கிப் பார்ப்பது அநாகரிகம்.

திலகவதி இருந்த இடத்தில் ஒரு கொழுப்புத் துணுக்குதான் மிதந்தது. "மொத்தச் சரக்கோட ஓடிட்டா," என்று அறிவித்தார் மேனேஜர். சிங்காரத்தின் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குள் வெயில் ஏறிக் குட்டை வற்றியது. வெளித் தண்ணீர் பாகாகிவிட்டது. இப்போது உள்ளே இருந்த தண்ணீர் வெளியே ஓடத் தொடங்கியது. சர்க்கரை குறைவாக இருந்த சிங்காரம்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சுருங்கினான். கன்னம் ஒட்டி, சுண்டைக்காய் வற்றலாக நின்றான்.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னய்யா, இப்படி இளைச்சுப் போயிட்டீரு?"

"எல்லாம் நம்ம சர்க்கரையைக் காப்பாத்துன கவலைதான் சார்."

எறும்புகள் விசும்பின. குட்டையில் மிச்சமிருந்த சர்க்கரை முழுவதையும் அன்றைக்கே சிங்காரத்தின் பொறுப்பில் ஒப்படைத்தன.

நீதி: ஓட்டை போடுவது குற்றமல்ல, அதற்கு அனுமதி கேட்டு நிற்பதுதான் குற்றம்.